வெப்பத்தைக் கணக்கில் வைத்து சார்ஜ் செய்வது எப்படி? சிங்கப்பூர் வீட்டுக்கும் விடுதிக்கும் லித்தியம்-அயன் பேட்டரி வழிகாட்டி

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, தேக்கா பக்கம் ஒரு புளோக்கின் கீழ்த்தளத் திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது, ஊர்க்காரத் தம்பி ஒருவர் தம் கைப்பேசியை என்னிடம் நீட்டினார். திரையின் இடது ஓரம் சட்டத்தைவிட்டு ஒரு நெல்மணி உயரத்துக்கு எழும்பியிருந்தது. அந்த இடுக்கு வழியே உள்ளே பார்த்தால் பேட்டரியின் வெள்ளி நிற உறை தெரிந்தது. தட்டையாக இருக்க வேண்டிய அது, பூரி போல் உப்பியிருந்தது.

"அண்ணே, சார்ஜரை மாற்றினால் சரியாகிவிடுமா?" என்று கேட்டார்.

எங்கே வைத்து சார்ஜ் செய்கிறார் என்று விசாரித்தேன். விடுதியில் அவருக்கு மேல் கட்டில். இரவு பத்து மணிக்கு சார்ஜரைச் செருகுவார், வீட்டாருடன் வீடியோவில் பேசுவார், பேசி முடித்ததும் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டுத் தூங்குவார். காலை ஐந்து மணிக்குத்தான் கழற்றுவார். இரண்டு ஆண்டுகளாக இதே வழக்கம். சார்ஜர் நல்ல சார்ஜர்தான். கைப்பேசி நூறு விழுக்காடு நிறைந்த பிறகும் ஒவ்வோர் இரவும் நான்கைந்து மணி நேரம் பஞ்சுக்கு நடுவே வெந்துகொண்டிருந்தது.

நான் ஜூரோங்கில் ஒரு தொழிற்சாலையில் மின் பராமரிப்பு வேலை பார்க்கிறேன். பேட்டரி பற்றி இணையத்தில் கிடைக்கும் அறிவுரைகளில் பெரும்பகுதி குளிர்நாட்டில் இருப்பவர்களுக்காக எழுதப்பட்டது. நமக்கோ பகலில் 31, 32 டிகிரி, நள்ளிரவிலும் 25 டிகிரிக்கு அருகில்தான். அதனால் எந்த சார்ஜ் முறையைப் பார்த்தாலும் நான் இரண்டு கேள்விகளைத்தான் முதலில் கேட்பேன். பேட்டரிக்குள் எவ்வளவு சூட்டை ஏற்றுகிறது? முழுதாக நிறைந்த நிலையில் எவ்வளவு நேரம் வைத்திருக்கிறது? இந்த வழிகாட்டி முழுவதும் அந்த இரண்டு கேள்விகளை வைத்தே நகர்கிறது.

படி 1: உள்ளே நடப்பதைப் புரிந்துகொள்ளுங்கள்

லித்தியம்-அயன் பேட்டரியை 1991-இல் சோனி நிறுவனம் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதற்கு அடித்தளம் போட்ட ஜான் குடினஃப், ஸ்டான்லி விட்டிங்காம், அகிரா யோஷினோ மூவருக்கும் 2019-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. உள்ளே இரண்டு தளங்கள் இருக்கின்றன: ஒரு பக்கம் உலோக ஆக்சைடு, மறுபக்கம் கிராஃபைட். சார்ஜ் செய்யும்போது லித்தியம் அயனிகள் ஆக்சைடு பக்கத்திலிருந்து கிளம்பி கிராஃபைட்டின் அடுக்குகளுக்குள் போய் உட்காருகின்றன. பயன்படுத்தும்போது திரும்பி வருகின்றன.

காலை எட்டு மணிக்கு ஜூரோங் ஈஸ்ட்டில் எம்ஆர்டி ஏறுவதை நினைத்துக்கொள்ளுங்கள். காலியான ரயில் வந்தால் முதலில் ஏறுபவர்கள் சட்டென்று இடம் பிடித்துவிடுவார்கள். முக்கால் பங்கு நிறைந்த பிறகு ஒவ்வொருவரும் இடம் தேடி உள்ளே நகர வேண்டும். அப்போதும் நடைமேடையிலிருந்து அதே வேகத்தில் ஆட்களைத் தள்ளினால் கதவருகிலேயே கூட்டம் தேங்கிவிடும். பேட்டரியிலும் இதுதான் நடக்கிறது. இடம் கிடைக்காத லித்தியம், கிராஃபைட்டின் மேற்பரப்பில் உலோகமாகவே படிந்துவிடும். அப்படிப் படிந்ததில் ஒரு பகுதி திரும்பப் பயன்படாது. படிவு ஊசிபோல் வளர்ந்தால் இரண்டு பக்கங்களுக்கும் இடையே குறுக்குத்தொடர்பு (ஷார்ட் சர்க்யூட்) ஏற்படும் ஆபத்தும் உண்டு.

ஆகவே எல்லா லித்தியம்-அயன் சார்ஜர்களும் அடிப்படையில் ஒரே ஒழுங்கைப் பின்பற்றுகின்றன. முதல் கட்டத்தில் மின்னோட்டத்தை மாறாமல் வைத்துக்கொண்டு செல்லின் வோல்டேஜை ஏற விடும். வோல்டேஜ் உச்ச வரம்பை (பெரும்பாலான செல்களில் 4.2 வோல்ட்) தொட்டதும் இரண்டாம் கட்டம்: வோல்டேஜை அங்கேயே நிறுத்தி, மின்னோட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைய விடும். மின்னோட்டம் தொடக்க அளவில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்காகச் சுருங்கியதும் சார்ஜ் நின்றுவிடும். கடைசி இருபது விழுக்காடு ஏன் ஆமைபோல் நகர்கிறது என்பதற்கு இதுதான் காரணம். செல் 3 வோல்ட்டுக்கும் கீழே வறண்டு போயிருந்தால், முதலில் மிகச் சிறிய மின்னோட்டத்தால் அதை எழுப்பிவிட்டுத்தான் இந்த இரண்டு கட்டங்களும் தொடங்கும்.

இந்த வரம்பில் சமரசமே கிடையாது. அனுமதிக்கப்படும் பிசகு ஏறத்தாழ ஒரு விழுக்காடுதான். அதைத் தாண்டினால் உள்ளிருக்கும் திரவம் சிதைந்து வாயு உண்டாகும், ஆக்சைடு பக்கம் நிலைகுலையும். தம்பியின் கைப்பேசி உப்பியதற்கும் வாயுதான் காரணம். அங்கே வோல்டேஜ் வரம்புக்குள் இருந்தும், சூடும் நிறைந்த நிலையும் சேர்ந்து அதே சிதைவை மெதுவாக நடத்திவிட்டன.

படி 2: உங்கள் பேட்டரியின் வகையைப் படித்துப் பாருங்கள்

பேட்டரியின் மீதோ சார்ஜரின் மீதோ உள்ள சிறிய எழுத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படியுங்கள். 3.6, 3.7 அல்லது 3.8 வோல்ட்டுக்கு அருகில் இருந்தால் அது கோபால்ட், நிக்கல் சேர்ந்த வகை. முழு சார்ஜில் 4.2 வோல்ட், புதிய கைப்பேசிகளில் சிலவற்றில் 4.4-க்கு மேலும் போகும். அதற்கேற்ப உள்ளே உள்ள வேதிப்பொருளையும் மாற்றியிருப்பார்கள். 3.2 வோல்ட் என்றிருந்தால் லித்தியம் இரும்பு பாஸ்பேட். அதன் முழு சார்ஜ் 3.65 வோல்ட் மட்டுமே. இந்த இரண்டு வகைகளின் சார்ஜர்களை ஒருபோதும் மாற்றிப் போடக் கூடாது.

சார்ஜரில் பாதுகாப்புக் குறி (SAFETY Mark) இருக்கிறதா என்றும் பாருங்கள். சிங்கப்பூரில் விற்கப்படும் அடாப்டர்களுக்கு அது கட்டாயம். குறியோடு ஒரு பதிவு எண்ணும் இருக்கும். ஐந்து வெள்ளிக்குக் கிடைக்கும் இரண்டு முள் சார்ஜரில் அது இருக்காது. 230 வோல்ட் மின்சாரத்துக்கும் உங்கள் கைக்கும் நடுவே உள்ள தடுப்பு அந்தச் சிறு பெட்டிக்குள்தான் இருக்கிறது. அதில் காசு மிச்சம் பிடிக்காதீர்கள்.

படி 3: கைப்பேசி சார்ஜ் முறைகளைச் சூட்டால் ஒப்பிடுங்கள்

ஒரு கணக்குப் போடுவோம். 5000 மில்லிஆம்பியர்-மணி கைப்பேசி பேட்டரி, சராசரி 3.85 வோல்ட்டில், சுமார் 19 வாட்-மணி ஆற்றலை வைத்திருக்கும். இதை நிரப்பும் வழிகளைப் பார்ப்போம்.

பழைய 5 வோல்ட், 2 ஆம்பியர் சார்ஜர் 10 வாட் தருகிறது. முழுதாக நிறைய இரண்டரை மணி நேரமாவது ஆகும். கைப்பேசி வெதுவெதுப்பாகும், அவ்வளவுதான். நேரம் இருப்பவர்களுக்கு, குறிப்பாக வீட்டில் உட்கார்ந்து வேலை செய்பவர்களுக்கு, இதைவிட நல்ல முறை இல்லை. பழையது என்று தூக்கி எறியாதீர்கள்.

அடுத்து யுஎஸ்பி பவர் டெலிவரி. சார்ஜரும் கைப்பேசியும் கம்பி வழியே பேசிக்கொண்டு 5, 9, 15, 20 வோல்ட் என்று ஒரு படியைத் தேர்ந்தெடுக்கும். 9 வோல்ட் உள்ளே வந்தால் அதை 4 வோல்ட் அளவுக்கு இறக்க வேண்டும். அந்த வேலை கைப்பேசிக்குள் நடக்கிறது, அந்தச் சூடும் அங்கேயே பிறக்கிறது. இதன் மேம்பட்ட வடிவமான பிபிஎஸ் முறையில், பேட்டரிக்கு அந்த நொடியில் தேவையான வோல்டேஜைக் கைப்பேசி கேட்கக் கேட்க சார்ஜர் 20 மில்லிவோல்ட் படிகளில் மாற்றித் தரும். மாற்றும் வேலையில் பெரும்பகுதி சுவரில் செருகிய பெட்டிக்குப் போய்விடுகிறது. ஒப்போ நிறுவனம் 2014-இல் கொண்டுவந்த வூக் முறையும் இதே எண்ணத்தில் பிறந்ததுதான்: குறைந்த வோல்டேஜ், அதிக மின்னோட்டம், தடித்த கம்பி, சூடு பெட்டிக்கு. அதனால்தான் அந்த வகைக் கைப்பேசிகளை வேறு கம்பியில் போட்டால் வேகம் விழுந்துவிடுகிறது.

எனவே "வேக சார்ஜ் பேட்டரியைக் கொல்லும்" என்று ஒரே வரியில் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. 25 வாட் பிபிஎஸ் சார்ஜரில், மேசைமேல், மின்விசிறிக்குக் கீழே, முப்பது நிமிடம் போட்டு எடுப்பது பேட்டரிக்குப் பெரிய துன்பம் தராது. அதே சார்ஜரைப் போட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் வீடியோவில் பேசுவது வேறு கதை. திரையின் சூடு, செயலியின் சூடு, சார்ஜின் சூடு மூன்றும் ஒரே தகட்டுக்குள் சேர்கின்றன. பெரும்பாலான செல்களுக்கு 45 டிகிரிதான் சார்ஜ் செய்யும்போது வைக்கப்படும் மேல்வரம்பு. நம் ஊரில் 32-லிருந்து தொடங்குகிறோம். மிச்சம் 13 டிகிரிதான்.

கம்பியில்லா சார்ஜை நான் கடைசியில் வைக்கிறேன். இரண்டு சுருள்களுக்கு நடுவே காந்தப்புலம் வழியாக ஆற்றல் தாவுகிறது. சுருள்கள் நேராக அமைந்தாலும் சுவரிலிருந்து எடுப்பதில் ஏறத்தாழ முப்பது விழுக்காடு வீணாகலாம், கொஞ்சம் விலகினால் அதைவிட மோசம். நம் 19 வாட்-மணி பேட்டரிக்குச் சுவரிலிருந்து 27 வாட்-மணி எடுத்தால் 8 வாட்-மணி சூடாகிறது. கம்பியில் 85 விழுக்காடு திறன் என்று வைத்தால் 3 வாட்-மணிதான். யூனிட்டுக்குச் சுமார் 30 காசு என்று பார்த்தாலும் இந்த வித்தியாசம் மின்கட்டணத்தில் தெரியவே தெரியாது. ஒரு முழு சார்ஜுக்கு ஒரு காசுகூட ஆகாது. பிரச்சினை அந்தச் சூட்டில் பெரும்பகுதி பேட்டரியின் முதுகுக்கு நேராகப் பிறப்பதுதான். 2023-இல் வந்த கியூஐ2 முறையில் காந்தம் சுருள்களைச் சரியாகப் பொருத்தி வைப்பதால் விலகல் பிரச்சினை குறைகிறது. அலுவலகத்தில் ஏர்கானுக்கு நேராகக் கம்பியில்லாத் தட்டு வைத்திருந்தால் தாராளமாகப் பயன்படுத்துங்கள். தடித்த உறையோடு, சன்னல் ஓரத்தில், மதிய வெயிலில் வேண்டாம்.

இதை நீங்களே சோதிக்கலாம். மூன்று நாள், ஒரே நேரத்தில், ஒரே மேசையில், 30 விழுக்காட்டிலிருந்து 70 வரை ஒவ்வொரு முறையில் சார்ஜ் செய்யுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கைப்பேசியின் முதுகை மணிக்கட்டின் உள்பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உடம்புச் சூட்டைவிடக் கொதித்தால் அந்த முறையோ அந்த இடமோ உங்களுக்குச் சரியில்லை. சிம் லிம் டவரில் யுஎஸ்பி மின் அளவியும் அகச்சிவப்பு வெப்பமானியும் கிடைக்கும். துல்லியம் வேண்டுபவர்கள் வாங்கிக்கொள்ளலாம்.

குளிரைப் பற்றி ஒரே வரி: சுழியம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்யக் கூடாது. நமக்கு அது தேவைப்படாது, குளிர்பதனக் கிடங்கில் வேலை செய்பவர்களைத் தவிர. உறைகிடங்கிலிருந்து வெளியே வந்ததும் கையிலுள்ள ஸ்கேனரையோ கைப்பேசியையோ உடனே செருகாமல், சாதாரண சூட்டுக்கு வரும்வரை பொறுங்கள்.

படி 4: எதுவரை நிரப்புவது என்று முடிவு செய்யுங்கள்

சும்மா வைத்திருந்தாலே பேட்டரிக்கு வயதாகும். கோபால்ட் வகைச் செல்களுக்குத் துறையில் பரவலாகத் தரப்படும் மதிப்பீடு இது. 40 விழுக்காடு சார்ஜோடு 25 டிகிரியில் ஓராண்டு வைத்தால் கொள்ளளவில் சுமார் 96 விழுக்காடு மிஞ்சும். முழு சார்ஜோடு வைத்தால் 80. அதையே 40 டிகிரியில் வைத்தால் 40 விழுக்காடு சார்ஜுக்கு 85, முழு சார்ஜுக்கு 65. கடைசி எண்ணை இன்னொரு முறை பாருங்கள். தம்பியின் தலையணைக்கு அடியில் இருந்தது ஏறத்தாழ அந்த நிலைதான்.

ஆகவே அன்றாடத்துக்கு 80 விழுக்காட்டில் நிறுத்துங்கள். ஐபோன் 15 முதல் அந்த வரம்பை அமைப்புகளிலேயே வைக்கலாம். ஆண்ட்ராய்டு கைப்பேசிகள் பலவற்றிலும் பேட்டரிப் பாதுகாப்பு என்ற பெயரில் அது இருக்கிறது. இரவில்தான் சார்ஜ் செய்ய முடியும் என்பவர்கள் எழும் நேரத்தைக் கணித்து நிரப்பும் வசதியை இயக்கி வையுங்கள். 80 வரை நிரப்பிக் காத்திருந்து, விடியும்போதுதான் மீதியை நிரப்பும். கீழே 20-க்குள் அடிக்கடி இறங்க விடாதீர்கள். பழைய நிக்கல் பேட்டரிகளுக்குச் சொன்ன "முழுதாக வற்றவிட்டுப் பிறகு நிரப்பு" என்ற விதியை மறந்துவிடுங்கள். இரண்டு முறை பாதிப் பாதியாக நிரப்பினால்தான் ஒரு முழுச் சுற்றாகக் கணக்கு.

பயண நாளில் நூறு நிரப்பிக்கொள்ளுங்கள். அதற்காகக் கவலைப்பட வேண்டாம். நிரப்பியவுடன் பயன்படுத்தத் தொடங்கினால் கேடு மிகக் குறைவு.

படி 5: மின்சைக்கிள் வைத்திருந்தால் இதை இரண்டு முறை படியுங்கள்

என் தளத்தில் ஒரு குடும்பத்தலைவர் மின்சைக்கிளில் உணவு விநியோகம் செய்கிறார். வீடு திரும்பியதும் அவருடைய பேட்டரி கதவோரம் சார்ஜுக்குப் போகும். ஒருநாள் தயங்கித் தயங்கித்தான் அவரிடம் பேசினேன். கைப்பேசி பேட்டரியில் 19 வாட்-மணி என்றால், 36 வோல்ட் 10 ஆம்பியர்-மணி சைக்கிள் பேட்டரியில் 360 வாட்-மணி. பத்தொன்பது கைப்பேசிகள் ஒன்றாக வீட்டின் வெளிவாசலில் கிடப்பது போல. 2019 ஜூலையில் புக்கிட் பாத்தோக்கில் ஒரு வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டில் நடந்த தீயில் ஒருவர் உயிரிழந்தார். எரிந்த நிலையில் மூன்று மின்ஸ்கூட்டர்கள் அந்த வீட்டில் இருந்தன. அந்தச் செய்தியைப் படித்த நாளிலிருந்து வாசலுக்குப் பக்கத்தில் சார்ஜாகும் எதைப் பார்த்தாலும் எனக்கு மனம் பதைக்கிறது.

முதலில் வோல்டேஜ். 36 வோல்ட் பேட்டரிக்குள் பத்து வரிசைச் செல்கள். பத்து முறை 4.2, அதாவது சார்ஜரில் 42 வோல்ட் என்றிருக்க வேண்டும். 48 வோல்ட் பேட்டரியில் பதின்மூன்று வரிசை, 54.6 வோல்ட். இரண்டு சார்ஜர்களின் முனையும் ஒரே வடிவத்தில் இருப்பது உண்டு, பொருந்துகிறதே என்று செருகிவிடக் கூடாது. இரும்பு பாஸ்பேட்டில் பன்னிரண்டு வரிசை என்றால் 43.8 வோல்ட். வெறும் 1.8 வோல்ட்தானே கூடுதல் என்று 42 வோல்ட் சார்ஜருக்கு உரிய பேட்டரியில் அதைப் போட்டால் ஒவ்வொரு செல்லும் 4.38-க்குப் போகப் பார்க்கும். பாதுகாப்புச் சுற்று தடுக்கும். அது பழுதாகியிருந்தால் தடுக்க யாரும் இல்லை.

வேகத்தைப் பற்றி அவர் கேட்டார்: 2 ஆம்பியர் சார்ஜருக்குப் பதில் 4 ஆம்பியர் வாங்கலாமா என்று. 10 ஆம்பியர்-மணி பேட்டரிக்கு 2 ஆம்பியர் என்பது கொள்ளளவில் ஐந்தில் ஒரு பங்கு, மிக மென்மையானது. ஐந்தாறு மணி நேரம் ஆகும். 4 ஆம்பியரும் செல்லுக்குத் தாங்கக்கூடிய அளவுதான். தயாரிப்பாளர் அனுமதித்திருந்தால் மட்டும் வாங்கலாம் என்றேன். உண்மையான ஆபத்துகள் வேறு இடத்தில் இருக்கின்றன: கீழே விழுந்து அடிபட்ட பேட்டரி, மழைநீர் புகுந்த பேட்டரி, யாரோ பழைய செல்களைச் சேர்த்துப் பற்றவைத்து விற்ற மலிவுப் பேட்டரி, மூன்று மணி நேரம் வெயிலில் ஓட்டிவிட்டு ஆறவிடாமல் உடனே செருகியது.

ஆகவே வரிசை இப்படி இருக்கட்டும். வீட்டுக்கு வந்ததும் பேட்டரியைக் கழற்றி அரை மணி நேரமாவது நிழலில் ஆற விடுங்கள். உறையில் விரிசலோ ஈரமோ இனிப்பான ரசாயன வாடையோ இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் சார்ஜ் செய்யவே வேண்டாம். வெறும் தரையில், மெத்தை, திரைச்சீலை, செருப்பு அலமாரி எதுவும் அருகில் இல்லாமல், வெளியேறும் வழியிலிருந்து விலகி வையுங்கள். தீப்பிடித்தால் குடும்பம் அதைத் தாண்டி ஓட வேண்டியிருக்கக் கூடாது. எல்லாரும் விழித்திருக்கும் நேரத்தில் சார்ஜ் செய்யுங்கள். இரவு முழுக்க விட வேண்டாம் என்றே தீயணைப்பைக் கவனிக்கும் குடிமைத் தற்காப்புப் படையும் சொல்கிறது. நிறைந்ததும் சுவர் சுவிட்சை அணையுங்கள்.

80 விழுக்காடு விதிக்கு இங்கே ஒரு விலக்கு உண்டு. பல செல்கள் வரிசையாக இருப்பதால் காலப்போக்கில் ஒன்று முந்தும், ஒன்று பின்தங்கும். அதைச் சமன்செய்யும் சுற்று பெரும்பாலும் சார்ஜின் உச்சியில்தான் வேலை செய்யும். ஆகவே மாதம் ஒருமுறையாவது பச்சை விளக்கு வரும்வரை நிரப்பி, இன்னும் ஒரு மணி நேரம் விட்டு, பிறகு கழற்றுங்கள்.

வாங்கும்போது மின்ஸ்கூட்டருக்கு யுஎல் 2272, மின்சைக்கிளுக்கு ஈஎன் 15194 தரமும் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ஆரஞ்சு நிற முத்திரையும் இருக்கின்றனவா என்று பாருங்கள். பேட்டரியை மாற்றியமைத்துத் தருகிறேன் என்று யார் சொன்னாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

படி 6: பவர் பேங்க், கார்

20,000 மில்லிஆம்பியர்-மணி என்று எழுதியிருப்பது உள்ளே உள்ள 3.7 வோல்ட் செல்லுக்கான கணக்கு. அது 74 வாட்-மணி. 5 வோல்ட்டாக மாற்றி, மாற்றும்போது போகும் இழப்பையும் கழித்தால் உங்கள் கைப்பேசியை மூன்று முறை நிரப்பும், நான்கு முறை அல்ல. விமானத்தில் 100 வாட்-மணி வரை அனுமதி கேட்காமல் கைப்பையில் கொண்டுபோகலாம், பெட்டியில் போட்டு ஏற்றக் கூடாது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், ஸ்கூட் விமானங்களில் 2025 ஏப்ரல் 1 முதல் பயணத்தின்போது பவர் பேங்கால் சார்ஜ் செய்வதும், பவர் பேங்கை சார்ஜ் செய்வதும் கூடாது. திருச்சிக்குக் கிளம்பும் முன் கைப்பேசியை நிரப்பிக்கொள்ளுங்கள்.

மின்கார் வைத்திருப்பவர்களுக்கு: வீவக கார்நிறுத்தத்தில் 7.4 கிலோவாட் அளவிலான மாறுதிசை (ஏசி) சார்ஜ் அன்றாடத்துக்குப் போதும். 50 கிலோவாட்டுக்கு மேலான நேர்திசை (டிசி) வேக சார்ஜை அவசரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் காரில் இரும்பு பாஸ்பேட் பேட்டரி என்றால் தயாரிப்பாளர்கள் பலர் வாரம் ஒருமுறை நூறு வரை நிரப்பச் சொல்வார்கள். அந்த வகையில் வோல்டேஜ் ஏறத்தாழ சமமாகவே ஓடுவதால், எவ்வளவு மிச்சம் என்று காருக்கே சரியாகத் தெரிய அது தேவைப்படுகிறது.

படி 7: உப்பினால், எரிந்தால், பழையதானால்

உப்பிய பேட்டரியை அழுத்தாதீர்கள், ஊசியால் குத்தி வாயுவை வெளியேற்றப் பார்க்காதீர்கள், இன்னொரு முறை சார்ஜ் செய்து சோதிக்காதீர்கள். அணைத்துவிட்டு, எரியாத தளத்தில் தனியாக வைத்து, பழுதுபார்ப்பவரிடம் ஒப்படையுங்கள். புகையோ சீறும் சத்தமோ வந்தால் எல்லாரையும் வெளியேற்றி, அந்த அறைக் கதவைச் சாத்திவிட்டு 995-ஐ அழையுங்கள்.

உப்பாத, வெறுமனே வயதான பேட்டரியைக் குப்பைக் குழாயில் போட வேண்டாம். முனைகளில் டேப் ஒட்டி, பேரங்காடிகளிலும் சமூக மன்றங்களிலும் வைத்திருக்கும் மின்கழிவுத் தொட்டியில் போடுங்கள். சைக்கிள் பேட்டரி அந்தத் தொட்டிக்கு உரியதல்ல, விற்ற கடையிடம் கேளுங்கள்.

தம்பியின் கைப்பேசியை அன்றே அணைக்கச் சொல்லிவிட்டேன். இருவரும் நடந்து போய் ஒரு பழுதுபார்க்கும் கடையில் கொடுத்தோம். கடைக்காரர் பின்மூடியைத் திறந்தபோது பேட்டரி தானாகவே மேலே எழும்பி வந்தது. புதியதைப் போட்டுக் கொடுத்த பிறகு, 80 விழுக்காடு வரம்பை அங்கேயே நின்று வைத்துக் கொடுத்தேன். மறுநாள் இரவு ஒரு படம் அனுப்பினார். கட்டில் கம்பியில், மின்விசிறிக் காற்று படும் இடத்தில், பழைய சோப்புப் பெட்டி ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார். உறை கழற்றிய கைப்பேசி அதற்குள் நிமிர்ந்து நிற்கிறது, கம்பி செருகியபடி.